தாத்தா டிரங்குப் பெட்டியில் கைத்துப்பாக்கி: மெருகு போடலாமா, தொடவே கூடாதா?

குடியாத்தத்தான்:
போன வாரம் குடியாத்தத்தில் பாட்டி வீட்டுப் பரணைக் காலி செய்தோம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டிக்குள் சுற்றி ஒரு குட்டி ரிவால்வர் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நிக்கல் முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடியில் சாம்பல் நிறம் தெரிகிறது. கறுப்பு பேக்கலைட் பிடியில் ஒரு பக்கம் விரிசல். குழல் வாயில் பார்த்தால் ஓட்டையே இல்லை, அடைத்திருக்கிறது. கூடவே பல்பொடி டப்பாவில் நாலு தோட்டா. குண்டு கிடையாது, வாயை மடித்து மூடியிருக்கிறது. அப்புறம் ஒரு விசில், முழங்கை வரை வருகிற கறுப்புத் துணி உறை ஒன்று.

தாத்தா பிறந்தது கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவரும் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். "பர்மா சண்டையில் வெள்ளைக்காரத் துரை கையால் கொடுத்தது" என்று பெரியத்தை அடித்துச் சொல்கிறார். இது என்ன துப்பாக்கி? பளபளவென்று ஆக்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்க ஆசை.

பாலாறு பாபு:
குழலே அடைத்திருக்கிறது, தீபாவளித் துப்பாக்கிக்கு அண்ணன், அவ்வளவுதான். வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பாத்திரத்துக்கு முலாம் போடுகிற கடையில் கொடுங்கள் தலைவரே. புதுசு மாதிரி வரும்.

பழம்பொருள் பித்தன்:
ஐயோ, வினிகர் வேண்டாம்! தம்பி, முதலில் பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து உடம்பில் வைத்துப் பாருங்கள். திருகாணியில் மட்டும் ஒட்டி, உடம்பில் ஒட்டாமல் வழுக்கினால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. துத்தநாகத்தை அமிலம் தின்னும், காலையில் எழுந்து பார்த்தால் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். முலாம் கடைக்காரர் முதலில் மெருகுச் சக்கரத்தில்தான் பிடிப்பார், இருக்கிற முத்திரை எழுத்தும் போய்விடும். அந்த எழுத்துதான் இதன் ஜாதகம். பிடிக்கு மேலே, தோட்டா போடுகிற உருளைக்கு அடியில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

விரல் குதிரைப் பக்கமே போகக் கூடாது. உருளை காலியா என்று பார்த்த பிறகும் சும்மா இழுத்துத் தட்டிப் பார்க்காதீர்கள். இந்த வகையில் ஊசி தோட்டாவின் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் தட்டினால் அறையின் விளிம்பே நசுங்கும்.

குடியாத்தத்தான்:
காந்தம் ஒட்டவில்லை அண்ணே, திருகாணியில் மட்டும் ஒட்டுகிறது. கொப்புளத்தைச் சுற்றி வெள்ளையாகப் பொடி. உருளையில் ஆறு அறை, நாலும் இரண்டும் என்று கணக்குப் பார்த்தால் இரண்டு தோட்டா யாரோ சுட்டிருக்க வேண்டும். எழுத்து கிடைத்தது: 'மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி'. பக்கத்தில் 6 எம்.எம். என்று இருக்கிறது.

பழம்பொருள் பித்தன்:
அப்படியென்றால் பர்மா கதை முடிந்தது. பர்மா சண்டை 1945-லேயே ஓய்ந்துவிட்டது, மேற்கு ஜெர்மனி என்ற நாடே 1949-இல்தான் வந்தது. இது வெற்றுத் தோட்டா ரிவால்வர், சத்தத்துக்கு மட்டும். 1970-களிலிருந்து வந்த ஜெர்மன் சத்தத் துப்பாக்கியில் பி.டி.பி. (அந்த நாட்டு அரசு சோதனை நிறுவனத்தின் சுருக்கப் பெயர்) என்று வட்டத்துக்குள் ஒரு முத்திரை இருக்கும். அது இல்லையென்றால் உங்களுடையது அதற்கும் முந்தியது, 50-களோ 60-களோ. உருளையின் அறைகளை எட்டிப் பாருங்கள், பாதியில் குறுகியிருக்கும். நீளமான தோட்டா நுழைந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே செய்தது.

சுத்தம் செய்ய இவ்வளவுதான்: பழைய வெற்றுத் தோட்டாக்களின் மருந்து எரிந்தால் ஒருவித உப்புப் படியும். எண்ணெய்க்கு அது கரையாது, வெந்நீருக்குக் கரையும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, விசிறிக்கு அடியில் நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கொப்புளம் இருந்துவிட்டுப் போகட்டும்.

காட்பாடி வக்கீல்:
சுத்தம் செய்வதற்கு முன்னால் நான் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறேன். தம்பி, லைசென்ஸ் ஏதாவது கிடைத்ததா? 1989-க்கு முன் வாங்கியதென்றால் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று தலைப்பு இருக்கும், பெட்டியை இன்னொரு தடவை கொட்டிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு மனு எழுதி, தோட்டாவோடு பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். 1959 ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

பாலாறு பாபு:
சார், பொம்மைக்குப் போய் ஸ்டேஷனா? குண்டே போகாத குழல். சட்டத்திலேயே துப்பாக்கி என்றால் எதையாவது எறிவது என்றுதானே இருக்கிறது?

காட்பாடி வக்கீல்:
படித்துவிட்டுத்தான் பேசுகிறீர்கள், சந்தோஷம். 2(1)(இ) பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 2016 ஆயுத விதிகளில் வெற்றுத் தோட்டா சுடும் துப்பாக்கி என்று பெயர் சொல்லியே இருக்கிறது. அடைத்த குழல் அடைத்ததுதானா, யாராவது துளைத்தார்களா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்களும் நானும் இல்லை, ஆய்வுக்கூடம். உள்ளே வெடிமருந்து இருக்கிற தோட்டா வேறு நாலு. அதை 'பொம்மை' என்று எந்த அதிகாரியிடம் சொல்வீர்கள்?

பழம்பொருள் பித்தன்:
வக்கீல் சாருக்கு எல்லாமே ஸ்டேஷன்தான். அதே சட்டத்தில் 45(சி) இருக்கிறதே? வழக்கொழிந்தது, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதாகிச் சுட முடியாதது, இவற்றுக்கு விலக்கு. இது சுட முடியாதது. குதிரை ஸ்பிரிங்கே உடைந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

காட்பாடி வக்கீல்:
அந்த வாக்கியத்தைக் கடைசிவரை படியுங்கள் ஐயா. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். நீங்கள் ஒரு ஸ்பிரிங் வாங்கிப் போட்டுக் 'கிளிக்' சத்தம் வரவைத்துவிட்டால், விலக்கு கேட்க இருந்த ஒரே வாசலை நீங்களே சாத்திவிட்டீர்கள். சீர் செய்யச் செய்யத்தான் இது ஆயுதம் ஆகிறது. இன்னொன்று: குழலைத் துளைத்தால் என்ன ஆகும் என்று இங்கே யாராவது கேட்டால், போலியை ஆயுதமாக மாற்றுவது 6-ஆம் பிரிவு, தனிக் குற்றம். அந்த வார்ப்பு கையிலேயே வெடிக்கும் என்பது வேறு.

பழம்பொருள் பித்தன்:
ஸ்பிரிங் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே கை வைக்க வேண்டாம் தம்பி. வெளியே துடைப்பதையும் தடுத்தால் அது அராஜகம். ஸ்டேஷன் சொத்து அறையில் மூன்று மழைக்காலம் கிடந்தால் இரும்புத் திருகாணியைக் காப்பாற்றத் துத்தநாகம் தன்னைத்தானே தின்று கொடுத்துவிடும். திரும்பக் கிடைக்கிறபோது பொட்டலத்தில் பொடிதான் இருக்கும்.

ஓய்வு பி.டி. மாஸ்டர்:
மூன்று நாளாகச் சண்டையைப் படிக்கிறேன். துப்பாக்கியை எல்லாரும் பார்த்தீர்கள், அந்தக் கறுப்புத் துணியை ஒருவரும் கேட்கவில்லையே! தம்பி, உங்கள் தாத்தா பள்ளிக்கூடத்தில் என்ன வேலை பார்த்தார், டிரில் மாஸ்டரா?

100 மீட்டர் ஓட்டத்தில் வெற்றுத் தோட்டா சுட்டு ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற ஸ்டார்ட்டர் ஒரு கோடியில், ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் மறுகோடியில். சத்தம் போய்ச் சேர 0.3 விநாடி ஆகும். அதனால் சத்தத்தைக் கேட்டு வாட்ச்சை அமுக்கக் கூடாது, புகையைப் பார்த்து அமுக்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் வெள்ளைப் புகை எங்கே தெரியும்? அதற்காகத்தான் துப்பாக்கிக் கையில் கறுப்பு உறை மாட்டுவோம். எங்கள் பள்ளியில் துப்பாக்கி வாங்க வக்கில்லை, இரண்டு பலகையை டப்பென்று அடித்துக்கொண்டிருந்தோம். மாவட்டப் போட்டிக்குப் போனால்தான் ஒரு மாஸ்டர் கையில் இதைப் பார்ப்போம். தோட்டா செலவாகிறதென்று 'ஆன் யுவர் மார்க்' மட்டும் இரண்டு நிமிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

குடியாத்தத்தான்:
டிரில் மாஸ்டரேதான் ஐயா! அப்பா இப்போதுதான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வேலை என்று மட்டுமே எங்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

லைசென்ஸ் எதுவும் இல்லை. நேற்று அப்பாவும் நானும் வக்கீல் சார் சொன்னபடி மனு எழுதி, தோட்டாவைத் தனி டப்பாவில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். 'என்ன, நாடகத்துக்கா?' என்று கேட்டார்கள், படம் எடுத்தார்கள், ரசீது கொடுத்தார்கள். ஆய்வுக்கு அனுப்பி, துப்பாக்கி இல்லை என்று வந்தால் திரும்பக் கேட்கலாமாம். பித்தன் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், கொடுப்பதற்கு முன்னால் உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தேன்.

பழம்பொருள் பித்தன்:
கோபம்தான். படமாவது நல்ல வெளிச்சத்தில் எடுத்தீர்களா?

குடியாத்தத்தான்:
எடுத்தேன் அண்ணே, முத்திரை எழுத்தைக் கிட்டே வைத்து நாலு படம். பெரியத்தையிடம் காட்டினேன். 'அந்தத் துரை ஜெர்மன்காரராக இருந்திருப்பார்' என்கிறார்.

ஓய்வு பி.டி. மாஸ்டர்:
விசிலும் கறுப்பு உறையும் வீட்டில்தானே இருக்கிறது? உறையைத் துவைத்துவிடாதே தம்பி. மணிக்கட்டுப் பக்கம் மருந்துக் கறை இருக்கும், அதை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடு.