கட்டாமலே குதிரை ஒரே இடத்தில் நிற்கப் பழக்குவது எப்படி?

கரிசல்காடு:
வணக்கம். ஐந்து வயது கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை. கட்டிப் போட்டால் எவ்வளவு நேரமானாலும் நிற்கிறது. கயிற்றை விட்டால் பின்னாலேயே வருகிறது, இல்லாவிட்டால் தீவனத் தொட்டிக்குப் போய்விடுகிறது. தனி ஆளாகச் சேணம் போட, குளம்பு சுத்தம் செய்ய அது தானாக நின்றால்தான் முடியும். கயிற்று முனையில் செங்கல் கட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா? லகானைக் கீழே போட்டுப் பழக்கலாமா?

லாடக்கொட்டகை:
இரண்டும் வேண்டாம். குதிரை நகர்ந்தால் செங்கல்லும் கூடவே இழுபட்டு வரும். ஏதோ துரத்துகிறது என்று மிரண்டு ஓடும், காலிலும் அடிபடும். லகானைக் கீழே போடுவது அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் உள்ள பழக்கம். அங்கே அது இரண்டு தனித்தனி வார். இங்கே பெரும்பாலும் முனை இணைந்த லகான்தான். முன்னங்கால் அதற்குள் மாட்டினால் ஆபத்து. வாயில் கடிவாள இரும்பு இருக்கும்போது லகானை மிதித்துவிட்டால் நாக்கும், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் பல் இல்லாத ஈறும் புண்ணாகும்.

கடிவாளம் இல்லாமல் தலைக்கயிற்றில் மட்டும் பழக்குங்கள். பத்துப் பன்னிரண்டு அடி பருத்திக் கயிறு, கட்டைவிரல் பருமன். முனையில் முடிச்சோ வளையமோ கூடாது.

முதலில் தலையைத் தாழ்த்தக் கற்றுக்கொடுங்கள். தாடைக்குக் கீழே கயிற்றைப் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்து, அப்படியே பிடித்திருங்கள். தலை ஒரு அங்குலம் இறங்கினாலும் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இரண்டு விரல் இழுப்புக்கே தலை இறங்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். என்றாவது அது தன் கயிற்றைத் தானே மிதிக்கத்தான் போகிறது. இது பழகாத குதிரை அப்போது தலையைத் தூக்கி வெட்டி இழுக்கும். கழுத்தும் பிடித்துக்கொள்ளும், பயமும் வந்துவிடும்.

அப்புறம் வேலி உள்ள, புல் இல்லாத இடம். சவாரி முடிந்த நேரம் நல்லது. தீவன நேரத்துக்கு முன் வேண்டாம். நிறுத்தி, முன்னங்குளம்புகளுக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுங்கள். "நில்" என்று ஒரே முறை சொல்லி, கயிற்றைத் தாடையிலிருந்து நேராகத் தரைக்கு விட்டு, ஓர் அடி மட்டும் பின்வாங்குங்கள். இரண்டு மூன்று விநாடியில், அது நகர்வதற்கு முன்பே, திரும்பி வந்து, கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில் சொறிந்துவிடுங்கள். நகர்ந்துவிட்டால் அதட்டல் வேண்டாம். கயிற்றை எடுத்து, எத்தனை அடி வந்ததோ அத்தனை அடியும் பின்னால் நடத்தி, அதே கோட்டில் குளம்பை வைத்து, உடனே கயிற்றைத் தளர்த்துங்கள். புது இடத்தில் நிற்கவிட்டுப் "பரவாயில்லை" என்று விட்டால், நகரலாம் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

மேட்டுக்காடு:
மேலே சொன்னது அத்தனையும் சரி. பலருக்குக் கெட்டுப்போவது இதற்கு அடுத்த கட்டத்தில். நேரம், தூரம், சுற்றியுள்ள சந்தடி இந்த மூன்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். பத்தடி தள்ளிப் போகிறீர்களா, நேரத்தை மறுபடி மூன்று விநாடிக்குக் குறையுங்கள். வரிசையாக இரண்டு தடவை நகர்ந்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். முந்தைய கட்டத்துக்கே போய், அது நின்றதும் அன்றைக்கு முடித்துவிடுங்கள்.

நேர் பின்னால் இருப்பது குதிரைக்குத் தெரியாது. அங்கே போனால் உங்களைப் பார்க்கப் பின்புறத்தைத் திருப்பும். அதைத் தப்பாக எடுக்காமல், முதலில் தோள்வரை, பிறகு விலாவரை அரைவட்டமாகப் போய்த் திரும்புங்கள். பின்னங்காலைத் தளர்த்தி ஓய்வாக நிற்பது, வால் வீசுவது எல்லாம் நகர்வு இல்லை. முன்னங்குளம்பை மட்டும் கவனியுங்கள். ஈ மொய்க்கிற வேளையில் பழக்க வேண்டாம்.

அது நிற்கும் இடத்திலிருந்து அதை உங்களிடம் ஒருபோதும் கூப்பிடாதீர்கள். எப்போதும் நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும். உங்கள் குதிரை பின்னாலேயே வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெல்லமோ கேரட்டோ கொடுத்தால், குளம்பு கோட்டில் இருக்கும்போது அதன் வாயருகே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கரிசல்காடு:
நன்றிங்க. அங்கவடியில் கால் வைத்ததும் நடக்க ஆரம்பிக்கிறதே, அதற்கும் இதே முறைதானா?

லாடக்கொட்டகை:
அதேதான். ஆனால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். வயிற்று வார், முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால் தோலைக் கிள்ளுகிறதா, ஏறும்போது சேணம் உங்கள் பக்கம் சரிகிறதா, உங்கள் கால் நுனி விலாவில் குத்துகிறதா? மேடைக்கல் வைத்து ஏறினால் இழுப்பு குறையும். ஏறி உட்கார்ந்ததும் பத்து எண்ணும்வரை கிளப்பாதீர்கள். உட்கார்ந்த உடனே உதைத்துக் கிளப்புகிறவர்களின் குதிரைதான் கால் வைத்தவுடன் நடக்கும்.

மேட்டுக்காடு:
இன்னொன்று. முன்கயிறும் பின்னங்கால் கயிறும் போட்டே வளர்ந்த குதிரை, குளம்பைத் தூக்கினால் கயிற்றின் மேல் சாய்ந்துவிடும். அதற்கு மூன்று காலில் நிற்கத் தெரியாது. ஐந்து விநாடி தூக்கி, அது காலைப் பிடுங்குவதற்கு முன் நீங்களே கீழே வையுங்கள், பிறகு கூட்டலாம்.

நன்றாகப் பழகிய பிறகும் சாலையோரம், ஆண் குதிரை பக்கத்தில், அந்தியூர் குதிரைச் சந்தை மாதிரி கூட்டத்தில் இதை நம்ப வேண்டாம். அங்கே கட்டியே போடுங்கள், முனையை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாக.