பேறுகாலத்தில் நாம் பார்த்தவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கிராம சுகாதார செவிலியர் (ஓய்வு), கல்வராயன் மலை:

நான் பார்த்த ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், 8.2. கர்ப்பிணிக்கு 11 கிராமாவது வேண்டும். நாளுக்கு இரண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் 7.9. "எல்லாம் போட்டுட்டேன் நர்சம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனால், கேழ்வரகு டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டை அட்டையாக இருந்தது.

திட்டிவிட்டேன். இன்றும் அதற்கு வருந்துகிறேன். மாமியார்தான் வாய் திறந்தார்: "புள்ள பெருத்துட்டா வயித்தக் கிழிக்கணும்ல. வெளிக்கி வேற கறுப்பா போகுதாம்." இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. மருமகளை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், கெடுதல் இல்லை. குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம். டீயோடு சேர்த்தால் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்குவதற்கு இவள் உடம்பில் ரத்தம் இருக்க வேண்டாமா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. "அத என் கையிலயே குடு" என்றார். எட்டாம் மாதம் 10.3. ஜீப் வரும் பாதைக்கே வெகுதூரம் நடக்க வேண்டிய ஊர் அது. நாள் நெருங்குமுன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக் காத்திருப்பு அறைக்கு மருமகளைக் கூட்டி வந்ததும் அவர்தான்.

கட்டட வேலை செய்யும் அப்பா, விழுப்புரம்:

அக்கா, என் மகன் குறைமாதத்தில் பிறந்தான், 1,600 கிராம். மனைவிக்குப் பிரஷர் ஏறி ஆபரேஷன் ஆனதால் எழ முடியவில்லை. நர்ஸ் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெறும் நெஞ்சில் அவனை நிமிர்த்தி வைத்துத் துணியால் சுற்றினார். கங்காரு முறையாம். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது என்றார் டாக்டர். சிமெண்ட் அரித்த கையால் தொடவே பயந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் கால் சூடேறியது என் தோலில் தெரிந்தது. நானும் என் அம்மாவும் முறை வைத்துச் சுமந்தோம்.

பாட்டி, புதுக்கோட்டை:

பிறந்த பிள்ளை வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கக் கூடாது என்ற நர்ஸோடு சண்டை போட்டவள் நான். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டு என்றுதான் என் மாமியார் எனக்குச் சொன்னார். அந்த மஞ்சள் பால்தான் பிள்ளைக்கு நோய் தாங்கும் சக்தி என்று நர்ஸ் சொன்னபோது, வயிற்றோட்டத்தில் போன என் தலைச்சன் ஞாபகம் வந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டேன்.

தங்கையை இழந்த அக்கா:

வீட்டிலேயே பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. ரத்தம்தான் நிற்கவில்லை. "கெட்ட ரத்தம், போகட்டும்" என்றார்கள். ஆஸ்பத்திரி என்றால் பிள்ளை பிறந்ததுமே கர்ப்பப்பை சுருங்க ஆக்சிடோசின் ஊசி போட்டிருப்பார்கள். 108ஐக் கூப்பிடத் திருப்பூரில் இருந்த மாப்பிள்ளையைக் கேட்க வேண்டுமாம். நைட் ஷிப்டில் அவர் போனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் போனது. கூப்பிட்ட பிறகு வண்டி சீக்கிரமே வந்தது. வழியிலேயே போய்விட்டாள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், என் கையிலும் போன் இருந்தது.

அவள் பெண்ணுக்கு இப்போது 9 வயது, என்னிடம்தான் வளர்கிறாள். எங்கள் தெருவில் யார் உண்டானாலும் ஏழாம் மாதமே அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். மாமியார், கணவன், அம்மா எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்பேன்: ரத்தம் போனால் யாரையும் கேட்காமல் வண்டியைக் கூப்பிடப் போவது யார்? ஒருவர் பெயரைச் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன்.