புதுப்பிப்பு: படத்திலிருந்த எழுத்துகளை எண்ணிவிட்டேன், அரைகுறையாக

தாத்தா வைத்திருந்த பழைய வைத்திய நூலை 64 படங்களாக எடுத்து, அதில் எத்தனை சொற்கள், எத்தனை எழுத்துகள் என்று கணினியை எண்ணவைக்க முடியுமா எனப் போன வாரம் கேட்டிருந்தேன். படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக மாற்றும் டெசராக்ட் நிரலையே பயன்படுத்தினேன். முதல் சுற்றில் வந்ததைப் படித்தால் சிரிப்புதான். காரணம், கைபேசியில் சாய்வாக எடுத்த படங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் மறுபடி ஸ்கேன் செய்ததும் பெரும்பாலான பக்கங்கள் தேறின.

அடங்காதது பழைய எழுத்து. 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால், யானைத் துதிக்கை போன்ற கொக்கி வைத்த பழைய 'லை', 'னை' எல்லாம் வேறு ஏதோவாக மாறின. துணைக்காலும் 'ர'வும் இடம் மாறிக்கொண்டன. கையால் திருத்த மூன்று இரவுகள் போயின.

எண்ணிக்கையில் இன்னொரு பள்ளம். 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து என்றால் கணினி 5 என்கிறது! கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எல்லாம் தனித்தனி. நமக்கு 3தானே? குறிகளை விட்டுவிட்டு எண்ணும்படி பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதினேன். 'லக்ஷணம்' போன்ற சொற்களில் 'க்ஷ' மட்டும் இன்னும் இரண்டாக விழுகிறது.

வரி முடிவில் உடைந்த சொற்கள் இரண்டிரண்டாகக் கணக்கில் ஏறியிருக்கின்றன. அவற்றை ஒட்டிய பிறகே மொத்தத்தைச் சொல்வேன்.