லாரி நிறுவைப் பெட்டிக்குள் லினக்ஸ்: சோர்ஸ் கேட்டால் எதைக் கொடுப்பது?

பகாவ்_நிறுவை
மலேசியாவின் பகாவ் வட்டாரச் செம்பனை ஆலைகளுக்கு லாரி நிறுவைப் பெட்டி செய்து விற்கிறோம். உள்ளே பில்ட்ரூட் என்ற கட்டும் கருவியில் கட்டிய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), யூ-பூட் (பெட்டியைத் தொடக்கும் புரோகிராம்), பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு). அதற்கு மேல் குலை எடையைப் பதியும் எங்கள் சொந்த புரோகிராம். ஓர் ஆலை, ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் லைசென்ஸின்படி சோர்ஸ் (மூல நிரல்) கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. போர்டு விற்ற சப்ளையரைக் கேளுங்கள் என்று சொன்னால் போதுமா? எங்கள் புரோகிராமையும் திறக்க வேண்டுமா?

கெர்னல்_தோட்டம்
போதாது தம்பி. ஜிபிஎல் 2, பிரிவு 3-ஐப் படியுங்கள். மேலே விற்றவரைக் கைகாட்டும் வழி வணிக நோக்கம் இல்லாத விநியோகத்துக்கு மட்டும்தான். பெட்டியை விற்பவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது.

சோர்ஸைப் பெட்டியோடு சேர்த்தே கொடுக்கலாம். இல்லையென்றால், குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாகும் எழுத்துறுதி கொடுக்க வேண்டும். அந்த உறுதி வாங்கியவருக்கு மட்டுமல்ல, யார் கேட்டாலும் செல்லும். பிரதி எடுத்து அனுப்பும் செலவுக்கு மேல் காசு வாங்கக் கூடாது. சிறிய கம்பெனிக்கு முதல் வழிதான் நிம்மதி: பெட்டிக்கு ஒரு யுஎஸ்பி, கடமை அங்கேயே முடிந்தது. அப்டேட்டை இணையத்தில் இறக்க விடுகிறீர்களா? சோர்ஸும் அதே இடத்தில் கிடைக்கட்டும்.

கடிதத்தை இழுத்தடிக்காதீர்கள். விதியை மீறினால் விநியோகிக்கும் உரிமையே போய்விடும் என்கிறது பிரிவு 4.

பில்ட்_பட்டறை
வேலை இப்படி: 'மேக் லீகல்-இன்ஃபோ' கட்டளையை ஓட்டுங்கள். சோர்ஸ், பேட்ச் (திருத்தங்கள்), லைசென்ஸ் வாசகங்கள், கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு), பட்டியல் எல்லாம் ஒரே ஃபோல்டரில் விழும். அங்கிருக்கும் ரீட்மீயின் எச்சரிக்கைகளைக் கட்டாயம் படியுங்கள். பில்ட்ரூட்டின் சொந்த சோர்ஸ் அதில் சேராது. அதையும் முழுதாகத் தனியே சேர்க்க வேண்டும், நீங்கள் அதில் கைவைத்திருந்தால் அந்த மாற்றங்களோடு.

பலர் சறுக்குவது கெர்னலில்தான். பொதுத் தளத்திலிருந்து அதே எண்ணுள்ள கெர்னலை இறக்கி வைத்துவிடுவார்கள். சப்ளையர் போட்ட டிரைவர் பேட்ச் அதில் இருக்காது, கட்டினால் போர்டு எழாது. அது நீங்கள் விற்ற கெர்னலின் சோர்ஸே அல்ல. சப்ளையர் தர மறுத்தால் அந்த போர்டை விற்பதையே நிறுத்துங்கள், வேறு வழி இல்லை.

கட்டுவதற்கும் நிறுவுவதற்கும் உள்ள ஸ்கிரிப்டுகளையும் லைசென்ஸ் கேட்கிறது. எல்லாவற்றையும் புதிய கணினி ஒன்றில் போட்டுக் கட்டி, போர்டில் ஏற்றிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

பகாவ்_நிறுவை
நன்றி அண்ணே. எங்கள் புரோகிராமில் ரீட்லைன் (கட்டளை வரியைத் திருத்த உதவும் நூலகம்), ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை நூலகம்) இரண்டும் ஸ்டேடிக்காக, அதாவது கோப்புக்குள்ளேயே, இணைந்திருக்கின்றன.

கெர்னல்_தோட்டம்
கெர்னலை சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) வழியாகப் பயன்படுத்துவதால் மட்டும் உங்கள் புரோகிராம் ஜிபிஎல் ஆகாது. கெர்னலின் லைசென்ஸ் குறிப்பே அதைச் சொல்கிறது. ஜிலிப்சியின் லைசென்ஸ் எல்ஜிபிஎல், ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம். ஸ்டேடிக்காக வைத்தால், வாங்கியவர் மாற்றிய நூலகத்தோடு மறுபடி இணைக்க ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தர வேண்டும். டைனமிக்காக (ஓடும்போது இணையும்படி) மாற்றிவிடுவது எளிது.

ரீட்லைன்தான் ஆபத்து. அது எல்ஜிபிஎல் அல்ல, முழு ஜிபிஎல். அதை இணைத்து விற்றால் உங்கள் புரோகிராமின் சோர்ஸையும் கேட்க இடமுண்டு. இனி, சோர்ஸைத் திறக்கச் சொல்லாத பிஎஸ்டி லைசென்ஸ் உள்ள லிப்எடிட்டுக்கு மாறுங்கள். ஏற்கெனவே விற்ற பெட்டிகள் தனிக் கணக்கு, அதற்கு வக்கீலைப் பாருங்கள். வேறு நூலகம் ஒளிந்திருக்கிறதா என்று தேட, இணைந்த நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை உதவாது, ஸ்டேடிக் கோப்பில் அது எதையும் காட்டாது. கட்டும் விதிகள் உள்ள மேக்ஃபைலில், நூலகங்களை இணைக்கும் லிங்க் வரியைப் பாருங்கள்.