கட்டையில் கருந்தாடிப் பாசி: கட்டையைத் தூக்கிப் போடாமல் வழி உண்டா?

ஆயாக்கொட்டகை (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். மூன்றடித் தொட்டி, தண்ணீர் 90 லிட்டர் இருக்கும். மீன்கள்: ரஸ்போரா 14, குளி லோச் 3. நடுவில் ஒரு மரக்கட்டை, அதன்மேல் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்ற இரண்டு செடிகள் கட்டியிருக்கிறது. பின்பக்கம் வாலிஸ்நேரியா செடி.

இரண்டு மாதமாகக் கட்டை முழுக்கக் கறுப்புப் பாசி. முடியைக் கத்தரித்துக் கொத்துக் கொத்தாக ஒட்டி வைத்தது போல் இருக்கிறது, அரை அங்குலம் நீளம். முதலில் அனுபியாஸ் இலையின் ஓரத்தில்தான் வந்தது, இப்போது ஃபில்டர் வாயிலும் தொங்குகிறது. பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், அசையவில்லை. விரலால் பிடுங்கினால் இலைதான் கிழிகிறது.

டவுனில் ஒரு மீன் கடையில் கேட்டேன். பாசி மருந்து என்று ஒரு போத்தல் கொடுத்தார்கள். சொன்ன அளவுதான் ஊற்றினேன், மறுநாள் காலையில் லோச் இரண்டு செத்துக் கிடந்தன. (முன்பு ஐந்து இருந்தன.) பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பப் போய்ச் சொன்னதற்கு, கட்டையையும் செடியையும் வீசிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள் என்றார்கள்.

வீச என்னால் முடியாது. அந்தக் கட்டை தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் ஓடிய ஓடையில் என் வீட்டுக்காரர் எடுத்தது. மிதந்துகொண்டே இருந்ததால் மூன்று மாதம் டிரம்மில் ஊறப் போட்டு, மூழ்கிய பிறகுதான் தொட்டியில் வைத்தார். அந்த லயம் இப்போது இல்லை, அங்கே செம்பனை நிற்கிறது. அவரும் போன வருடம் தவறிவிட்டார். மீன் வளர்ப்பை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிந்தா கப்பி (ஈப்போ)

அம்மா, கட்டையை வீச வேண்டாம். அந்தப் பாசி கட்டைக்குள் வேர் விடாது, மேலே இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் இது செம்பாசி வகை. சாகும்போது அதன் சிவப்பு வெளியே தெரியும், அப்போது உங்களுக்கே புரியும்.

கொல்லும் வழி பல உண்டு. அதற்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் இருந்தபோது வராதது இப்போது ஏன் வந்தது? தொட்டியில் ஏதோ மாறியிருக்கிறது. விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? வெயில் படுகிறதா? தீனி ஒரு நாளைக்கு எத்தனை தடவை? தண்ணீர் எப்போது, எவ்வளவு மாற்றுகிறீர்கள்? ஃபில்டரிலிருந்து தண்ணீர் முன்பு போல வேகமாக வருகிறதா? இதெல்லாம் தெரியாமல் பாசியை மட்டும் கொன்றால் இரண்டே மாதத்தில் திரும்ப வரும். என் தொட்டியில் மூன்று முறை வந்தது, அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

பழைய மீன்காரன் (கூலிம்)

சயாமிஸ் அல்ஜி ஈட்டர் மூன்று வாங்கி விடுங்கள். இந்தக் கறுப்புப் பாசியைத் தின்னும் மீன்கள் மிகக் குறைவு, அதில் அது ஒன்று. நம் தீபகற்பத்து ஆறுகளிலும் இருக்கிற மீன்தான்.

கிந்தா கப்பி (ஈப்போ)

அண்ணே, தின்னும் என்பது உண்மை. ஆனால் அது 15 சென்டிமீட்டர் வரை வளரும், ஓயாமல் நீந்தும். 90 லிட்டரில் மூன்று விட்டால் ரஸ்போராவுக்கு நிம்மதி போய்விடும். வளர்ந்த பிறகு பாசியை விட்டுவிட்டுத் தீனிக்குத்தான் ஓடிவரும்.

கடையில் அந்தப் பெயரைச் சொல்லி வேறு மீனைக் கொடுப்பதும் உண்டு. உண்மையானதற்குக் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடும், கோட்டின் ஓரம் ரம்பப் பல் போல நெளிந்திருக்கும். ஃபிளையிங் ஃபாக்ஸ் அதைப் போலவே இருக்கும், ஆனால் இந்தப் பாசியை அவ்வளவாகச் சீண்டாது. வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சைனீஸ் அல்ஜி ஈட்டர் வேண்டவே வேண்டாம், பெரிதானால் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டத் தொடங்கிவிடும்.

ஓய்வு டிரசர் (பீடோர்)

அம்மா, நான் 31 வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவன். பால்மரம் வெட்டும் கத்தி கையில் பட்டு வருகிறவர்களின் காயத்தைக் கழுவ, நுரைக்கிற மருந்து ஒன்று ஊற்றுவோம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம், பழுப்புப் போத்தலில் வரும். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். திறந்து பல மாதம் கிடந்த போத்தல் வேண்டாம், வீரியம் போயிருக்கும்.

உங்கள் கட்டையை வெளியே தூக்க முடிகிறது அல்லவா? அது பெரிய வசதி. செடியோடு அப்படியே ஒரு தட்டில் வையுங்கள். பாசி நிறைந்த இலைகளைக் காம்போடு வெட்டிவிடுங்கள். அனுபியாஸ் மெதுவாக வளர்கிற செடி, அதனால் மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். மீதிப் பாசி நனையும்படி பெராக்சைடை ஸ்ப்ரே போத்தலில் ஊற்றி அடியுங்கள். 5 நிமிடம் விட்டு, தொட்டித் தண்ணீரில் அலசித் திரும்ப வையுங்கள். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இதைத் தாங்கும்.

தொட்டிக்குள்ளேயே ஊற்றுவதாக இருந்தால், 10 லிட்டருக்கு 3 மில்லிக்கு மேல் போகாதீர்கள். உங்களுக்கு ஒரு தடவைக்கு 20 மில்லி போதும். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசியின் மேலேயே மெதுவாக விடுங்கள். 15 நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

இன்னொன்று. தொட்டிச் செடிகளுக்கு ஊற்றத் திரவக் கார்பன் என்று விற்பதைச் சிலர் சொல்வார்கள். அந்த வகையில் பலவற்றில் இருப்பது குளுட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யப் பயன்படுவது. பாசியைக் கொல்லும், ஆனால் உங்கள் வாலிஸ்நேரியாவும் கரைந்துபோகும். கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. உங்களுக்கு அது வேண்டாம்.

ஆயாக்கொட்டகை (சுங்கை சிப்புட்)

ஐயா, அந்த நுரை மருந்தை மறக்க முடியுமா? ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால் நானே டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

தம்பி கேட்டதை நேற்று முழுக்க யோசித்தேன். பக்கத்து வீட்டில் ரம்புத்தான் மரம் ஒன்று இருந்தது. தைப்பூசத்துக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது. முன்பு மரத்து நிழல் இருந்தது, இப்போது மூன்றரை மணியிலிருந்து தொட்டிமேல் நேர் வெயில். அதற்கு மேல் விளக்கையும் காலையிலிருந்து இரவு பத்து மணிவரை எரிய விடுகிறேன், வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று.

அவர் ஞாயிறுதோறும் இரண்டு வாளி மாற்றுவார். எனக்கு இடுப்பு வலி, மாதத்தில் ஒரு நாள் மகன் வந்து பாதித் தொட்டியை மாற்றிவிட்டுப் போகிறான். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தீனி போடுவான், நான் காலையில் போட்டதை அவனிடம் சொல்வதில்லை. ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து பார்த்தேன். சேறு.

கிந்தா கப்பி (ஈப்போ)

அம்மா, எல்லாவற்றையும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். வெளிச்சம் கூடியது, கழிவு சேர்ந்தது, ஃபில்டர் அடைத்து ஓட்டம் குறைந்தது. மாதம் ஒரு முறை பாதித் தண்ணீரை மாற்றுவதால் தொட்டியின் நிலையும் திடீரென்று மாறுகிறது. இந்தப் பாசிக்கு இதெல்லாம் தோதாகப் போய்விட்டது.

ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். விளக்குக்கு டைமர் மாட்டி ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வையுங்கள், மாலை நான்கிலிருந்து பத்து என்று வைத்தால் இரவில் உங்களுக்குத் துணையாக இருக்கும். பஞ்சைக் குழாயடியில் கழுவாமல் தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குளோரின் பட்டால் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தீனியைப் பேரன் கையிலேயே விட்டுவிடுங்கள், ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. தண்ணீரை வாளியில் தூக்க வேண்டாம், ஒரு ரப்பர் குழாயால் வாரம் 20 லிட்டர் வாசல் செடிக்கு இறக்கிவிடுங்கள். புதுத் தண்ணீரைச் சின்னச் செம்பால் ஊற்றலாம், குளோரின் எடுக்கும் மருந்தை மறக்காமல் கலந்துகொள்ளுங்கள்.

ஆயாக்கொட்டகை (சுங்கை சிப்புட்)

ஆறு வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

கட்டையை மகன் தூக்கித் தட்டில் வைத்தான், நான்தான் ஸ்ப்ரே அடித்தேன். பாசி முழுக்கச் சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கியது. மூன்றாம் நாள் கறுப்பு போய் இளஞ்சிவப்பாக நின்றது. பேரன் பூ பூத்திருக்கிறது என்றான். அப்புறம் வெளுத்து, தானாகவே கழன்றது. பத்து நாள் விட்டு இன்னொரு தடவை அடித்தோம். அனுபியாஸில் ஒன்பது இலை வெட்ட வேண்டியிருந்தது, இப்போது மூன்று புது இலை வந்திருக்கிறது, ஓரம் சுத்தமாக இருக்கிறது. மீன் ஒன்றும் சாகவில்லை.

கட்டையில் அவர் கத்தியால் செதுக்கி எடுத்த இடம் ஒன்று உண்டு, வெட்டு வாய் தெரியும். பாசி மூடியிருந்தது, இப்போது மறுபடியும் தெரிகிறது.

ஃபில்டர் வாயில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பிளாஸ்டிக்தானே, கழற்றிப் பெராக்சைடில் ஊறப் போடலாமா, ஐயா?

ஓய்வு டிரசர் (பீடோர்)

தாராளமாகப் போடலாம், அம்மா. அரை மணி நேரம் ஊறட்டும், பிறகு பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். மோட்டார் பாகத்தை மட்டும் நனைக்க வேண்டாம்.