சில்லை வெட்டியபின் கதவு மூடவில்லை: 1964 மோரிஸ் மைனர் திறந்த கூரை வண்டி, உதவி தேவை

ஜெலுத்தோங் மைனர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முகப்பில் நிற்பது 1964ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் 1000. துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடும் வகை, 1098 சிசி எஞ்சின். மாமனார் ஓட்டிய வண்டி. அவருக்குக் கண்பார்வை குறைந்தபின் எங்களிடம் வந்தது. 2017 நவம்பரில் பினாங்கில் வெள்ளம் வந்தபோது இருக்கையின் அடிப்பாகம் வரை நீர் ஏறி நின்றது. அப்போது கழுவிக் காயவைத்ததோடு சரி. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிக்குள் இறங்கிய சேற்றை யாரும் எடுக்கவில்லை.

வண்டியை முழுவதும் பிரித்து, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பேட்டரியை ஊட்டும் பழைய டைனமோவுக்குப் பதில் நவீன ஆல்டர்னேட்டர், புதிய கூரைத்துணி என்று என் விருப்பப்படி மீண்டும் கட்டுவது திட்டம். மூன்று வாரங்களுக்கு முன் இடது சில்லைக் கிரைண்டரால் திறந்தேன். உள்ளே இரும்பைவிட மற்றவைதான் அதிகம்: ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டி, அதற்குப் பின்னால் கோழிவலைக் கம்பி, அதற்கும் பின்னால் மடித்துத் திணித்த மலாய் நாளிதழ், அடியில் களிமண்ணாகக் கெட்டித்த சேறு. துருவைத் தேடி வெட்டிக்கொண்டே போனதில், கதவுக்கு முன்னால் உள்ள முன்தூணிலிருந்து பின்னால் உள்ள பின்தூண் வரை சில் முழுவதும், அதை ஒட்டிய தரைத்தகட்டில் ஒரு சாண் அகலமும் போய்விட்டன. அந்த வேளையில் வண்டி நான்கு ஸ்டாண்டுகளின் மேல் இருந்தது. முன்னால் சட்டங்களுக்கு அடியில் இரண்டு, பின்அச்சுக்கு அடியில் இரண்டு.

புதிய தகடுகள் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்ததும் அளவு பார்ப்பதற்காகக் கதவை மாட்டினேன். மூடவில்லை. பின்தூணின் மேல்முனையில் கதவு இடிக்கிறது. அங்கே இடைவெளி என்று எதுவுமே இல்லை. அதே விளிம்பின் கீழ்முனையில் 11 மி.மீ. இருக்கிறது. தொடாத வலது பக்கத்தில் மேலும் கீழும் 5 மி.மீ. கீலைத் தளர்த்திக் கதவை முன்னே நகர்த்தலாமா, அல்லது இடிக்கும் விளிம்பைச் சற்றுத் தேய்த்துவிடலாமா? ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும்தான் வேலை செய்ய முடிகிறது. பக்கத்து வீட்டார் பொறுமைசாலிகள், ஆனாலும் கிரைண்டர் சத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு.

பட்டர்வொர்த் பட்டறை

தம்பி, கிரைண்டரைக் கீழே வையுங்கள். கதவைத் தேய்க்கவும் வேண்டாம், கீலைத் தொடவும் வேண்டாம். உங்கள் வண்டியின் இடுப்பு இறங்கிவிட்டது.

தீப்பெட்டியின் உள்தட்டை வெளியே இழுத்து இரண்டு விரலால் முறுக்கிப் பாருங்கள். உறைக்குள் இருக்கும்போது இருந்த விறைப்பு அதில் இருக்காது. கூரை உள்ள மைனர் உறைக்குள் இருக்கும் தட்டு, உங்களுடையது வெளியே எடுத்த தட்டு. இந்த வண்டிக்குத் தனியாக முழுநீளச் சட்டகம் கிடையாது. எஞ்சினைத் தாங்கும் இரண்டு சட்டங்களும் முன்னிருக்கைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டம் வரை வந்து அங்கேயே நின்றுவிடுகின்றன. அதற்குப் பின்னால் பாரத்தைச் சுமப்பவை தரைத்தகடும் இரு சில்களும்தாம். கூரை இல்லாததால் சில்லின் பங்கு இன்னும் கூடுகிறது. அதற்காகவே திறந்த வகைக்குத் தொழிற்சாலையிலேயே கூடுதல் வலுவூட்டும் தகடுகள் வைத்தார்கள். நீங்கள் இரண்டு முனைகளிலும் வண்டியைத் தாங்கி நிறுத்திவிட்டு நடுவில் இருந்த உத்தரத்தை எடுத்துவிட்டீர்கள். நடு இறங்கினால் இரண்டு தூண்களும் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். மேலே இடைவெளி அடைபடும், கீழே விரியும். நீங்கள் எழுதியது அப்படியே அதுதான். இந்த நிலையில் புதிய சில்லை வைத்து வெல்டிங் செய்திருந்தால் வளைவு நிரந்தரமாகியிருக்கும். அதற்கு முன் கேட்டது நல்லது.

முதலில் இரண்டு காரியம் செய்து அளவைச் சொல்லுங்கள். ஒன்று, கதவைத் திறந்து அதன் பின்முனையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது, அதைக் கணக்கில் கழிக்க வேண்டும். இரண்டு, இடது முன்தூணின் மேல்கீலிலிருந்து வலது பின்தூணின் பூட்டுக்கொக்கி வரையும், பின்னர் வலமிருந்து இடமாகவும் நாடாவால் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜெலுத்தோங் மைனர்

நன்றி அண்ணா. கீலில் ஆட்டம் இல்லை. குறுக்களவுகளுக்கு இடையே 9 மி.மீ. வித்தியாசம் வருகிறது. மூன்று முறை அளந்தேன். மூன்றாவது முறை மனைவி நாடாவின் மறுமுனையைப் பிடித்தார், அப்போதும் அதே 9 தான்.

ஈப்போ வாசகர்

வேலையைத் தொடர்வதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இது பிறப்பிலேயே திறந்த வண்டியா, சலூன் எனப்படும் நிலையான கூரை கொண்ட இரண்டு கதவு வண்டியின் கூரையைப் பின்னாளில் யாரோ வெட்டியதா? எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள எண் பலகையைப் பாருங்கள். அக்காலத்துத் திறந்த வண்டிகளின் எண் எம், ஏ, டி என்று தொடங்கும். டி என்பது டூரரைக் குறிக்கும். சலூனாக இருந்தால் எம், ஏ என்பதற்குப் பின் 2 என்ற எண்ணும் எஸ் என்ற எழுத்தும் வரும். அதற்கு அடுத்த 5 என்பது 1098 சிசி வரிசையைக் குறிக்கும். சலூனை வெட்டியதாக இருந்தால் திறந்த வகைக்குரிய வலுவூட்டல் எதுவும் உள்ளே இருக்காது. சில்லை மட்டும் புதுப்பித்தால் ஓட்டும்போது மீண்டும் இடுப்பு இறங்கும்.

ஜெலுத்தோங் மைனர்

பலகையைச் சுரண்டிப் பார்த்தேன். எம், ஏ, டி, 5. மனம் ஆறியது.

பட்டர்வொர்த் பட்டறை

நல்லது. 9 மி.மீ. வித்தியாசம் என்றால் இடுப்பு இறங்கியதோடு சற்று முறுக்கும் ஏறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டிய வண்டியில் இது இயல்பு. வலது சில் இன்னும் இருப்பதால் திருத்த முடியும். இரண்டையும் ஒருசேர வெட்டியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

தண்ணீர்மட்டக் குழாயை வைத்து நான்கு ஸ்டாண்டுகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டு முகப்பின் தரை மழைநீர் ஓடுவதற்காகச் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள். பலகைச் சீவலை வைத்துச் சரிசெய்யுங்கள். பின் ஸ்டாண்டுகளை அச்சின் அடியிலிருந்து எடுத்து, பின் ஸ்பிரிங்கின் முன்முனை உடலோடு சேரும் இடத்துக்கு மாற்றுங்கள், அந்த இடத்து இரும்பு நன்றாக இருந்தால் மட்டும். அச்சின் மேல் நின்றால் ஸ்பிரிங் நடுவில் புகுந்து நீங்கள் தூக்குவதையெல்லாம் விழுங்கிவிடும்.

இப்போது குறுக்குச் சட்டம். முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக முறுக்கேறி நிற்கும் டார்ஷன் பார் என்ற கம்பிகள் பின்னால் வந்து பற்றிக்கொள்வது அதில்தான். இடது முனையைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்; கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று ஒலித்தால் அதை முதலில் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் டார்ஷன் பாரின் முறுக்கை இறக்கியாக வேண்டும். முறுக்கேறிய பார் பிடியை விட்டால் என்ன செய்யும் என்பதை என் பட்டறைச் சுவரில் உள்ள பள்ளம் சொல்லும்.

சட்டம் நன்றாக இருந்தால், அதன் இடது முனைக்கு அடியில் தடித்த பலகையை வைத்து, பாட்டில் ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். கைப்பிடியை இரண்டு முறை அழுத்துவது, நிறுத்துவது, கதவின் இடைவெளியைப் பார்ப்பது. அவசரம் வேண்டாம், பழைய தகடு நகர்ந்து அமர நேரம் எடுக்கும். தூண்களின் மேல்முனைகளுக்கு இடையே திருகுக் கம்பி மாட்டி விரிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடியில் உள்ள கோணலைத் திருத்தாமல் முன்தூணை மட்டும் வளைத்துவிடுவீர்கள், பின்னர் முன்கண்ணாடி பொருந்தாது.

மேலும் கீழும் 5 மி.மீ. வந்ததும், 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயை முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே வண்டியின் உட்புறமாக வைத்துப் பற்றவைப்பு கொடுங்கள். மேலே ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று. உட்புறமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்: கதவுவாயின் நடுவிலேயே குழாயை வைத்துவிட்டால் கதவை மாட்ட முடியாது, மாட்ட முடியாவிட்டால் இடைவெளியைப் பார்க்க முடியாது. இடது பின்தூணிலிருந்து வலது பின்தூணுக்கும் குறுக்காக ஒன்று கொடுங்கள். வலது கதவுவாயிலும் இப்போதே அதே அமைப்பைச் செய்துவிடுங்கள். அந்தச் சில்லும் எப்படியும் வெளியே வரத்தான் போகிறது.

சுங்கைப் பட்டாணி ஓட்டுநர்

இவ்வளவு பிரித்தாயிற்று, அப்படியே டட்சன் 120ஒய் எஞ்சினையும் இறக்கிவிடலாமே? 1171 சிசி, மைனரின் 48 குதிரைத்திறனைவிடக் கணிசமாக அதிகம். ஐந்து கியர் பெட்டியும் போட்டால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர வேண்டியதில்லை.

ஈப்போ வாசகர்

செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும், எஞ்சினுக்குரிய பத்திரங்களும் கையில் இருக்க வேண்டும். பத்திரம் இல்லாத எஞ்சினை மலிவாக வாங்கிய ஒருவரின் வண்டி இன்றும் கித்தான் போர்வைக்குள்தான் இருக்கிறது. பிரேக்கைப் பொறுத்தவரை, மோரிஸ் மரீனாவின் முன்சக்கர அமைப்பு மைனரிலிருந்து பிறந்தது. ஆகவே அதன் டிஸ்க்குகளை மைனரில் பொருத்தும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வலது தரைத்தகடு வெளியே வரும்போதே அதையும் புதுப்பித்துவிடுங்கள். தகட்டை மூடியபின் அதைக் கழற்றுவது மிகவும் சள்ளை பிடித்த வேலை.

ஆல்டர்னேட்டர் பற்றி: உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களுக்கு நெகட்டிவ் முனை இணைந்திருக்க வேண்டும். மாற்றாமல் மாட்டினால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்தக் கணமே எரியும்.

ஜெலுத்தோங் மைனர்

எஞ்சினை மாற்றப் போவதில்லை; மாமனார் இன்னும் சத்தத்தை வைத்தே வண்டியை அடையாளம் காண்கிறார்.

குறுக்குச் சட்டம் கணீரென்று ஒலித்தது. தரைத்தகட்டுக்கு ஒட்டுப்போட வன்பொருள் கடையில் கூரைக்குப் போடும், துத்தநாகம் பூசிய சிங்க் தகடு வாங்கி வைத்திருக்கிறேன். வெல்டிங்குக்கு முன் பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்தால் போதும்தானே?

பட்டர்வொர்த் பட்டறை

இரண்டும் வேண்டாம். சிங்க் பூச்சின்மேல் வெல்டிங் செய்தால் எழும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அதைவிடக் கொடியது: அது தகட்டில் ஈரமாக இருக்கும்போது வெல்டிங் பொறியின் சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்டது அது. தேய்த்துப் பளபளவென்று இரும்பு தெரியச் செய்து, அசிட்டோனால் துடைத்து, முழுவதும் உலர்ந்தபின் தொடங்குங்கள். பூச்சு இல்லாத சாதாரணத் தகடு போதும், தரைக்கு 1.2 மி.மீ. எடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். பின்பெட்டியின் தரையில் உள்ள பெட்ரோல் தொட்டியை முதலில் வெளியே எடுத்து வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

சில்லைக் கதவு மாட்டிய நிலையில் பொட்டுப் பொட்டாகப் பிடியுங்கள், மூடிப் பாருங்கள், பிறகுதான் தையல்போலத் தொடர்ந்த வெல்டிங். ஒரு தடவைக்கு ஓர் அங்குலம், அடுத்த அங்குலம் அதற்கு எதிர்முனையில். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியபின் அடுத்தது. நீளமாக ஒரே இழுப்பில் இழுத்தால் ஜாக்கியால் வாங்கியதைச் சூடு திருப்பி வாங்கிக்கொள்ளும். முடிந்தபின் உட்புறம் மெழுகு தெளியுங்கள், அடியில் நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். கடற்காற்று ஊருக்குள் நிற்கும் வண்டி அது.

ஆயர் ஈத்தாம் குஷன் கடை

ஒரே ஒரு வேண்டுகோள். கூரைத்துணிக்கு இப்போதே அளவெடுக்க வரச்சொல்லாதீர்கள். இரண்டு சில்களும் முடிந்து, எஞ்சின் ஏறி, வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றபின்தான் துணி வெட்ட வேண்டும். ஸ்டாண்டின் மேல் நிற்கும் வண்டிக்குத் தைத்த கூரை, தரையில் இறங்கியதும் ஒரு மூலையில் தொங்கும், மறு மூலையில் கொக்கி எட்டாது. பழி தைத்தவனுக்குத்தான் வரும். கூரையின் முன்விளிம்பில் உள்ள மரக்கட்டையைக் கொண்டுவாருங்கள், வெள்ளத்தில் உளுத்திருந்தால் புதிதாகச் செதுக்கித் தருகிறேன். துணியா வினைலா என்று கேட்பீர்கள்: முகப்பில் காற்றோட்டம் இல்லாவிட்டால் துணியில் பூஞ்சை பிடிக்கும், வினைல் துடைத்தால் போகும்.

ஜெலுத்தோங் மைனர்

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் கழித்து எழுதுகிறேன். ஜாக்கியை ஏற்றுவதிலேயே முதல் ஞாயிறு போயிற்று. மாலை நான்கு மணிக்குத் தகடு ஒருமுறை டக்கென்று ஒலித்தது, நான் பயந்து பின்வாங்கினேன், பார்த்தால் மேல் இடைவெளி 4 மி.மீ. ஆகியிருந்தது. பிறகு இன்னும் ஓர் அழுத்து. குழாய்களைப் பற்றவைத்து, சில்லைத் தைத்து முடித்து, நேற்று ஜாக்கியை இறக்கினேன். இடது கதவு மேலே 5, கீழே 6. குறுக்களவு வித்தியாசம் 2 மி.மீ. இந்த 2 மி.மீ. அப்படியே இருக்கலாமா, அண்ணா?

பட்டர்வொர்த் பட்டறை

தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றே அவ்வளவு இருந்திருக்கலாம். விடுங்கள். இடப்பக்கக் குழாய்களை வெட்டாமல், வலது பக்கத்தைத் தொடங்குங்கள்.