புதுப்பிப்பு: பரணில் ஓடுவது வீட்டெலிதான்

சமையலறைப் பரணில் இரவில் ஓடுவது எந்த எலி என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். அது வீட்டெலி என்று இப்போது உறுதியாகிவிட்டது. கூண்டில் சிக்கியதன் வால் உடலைவிட நீளமாக இருந்தது, காதுகளும் பெரியவை. பரணில் கிடந்த புழுக்கைகள் ஏறத்தாழ 12 மி.மீ. நீளத்தில், முனை கூர்ந்து காணப்பட்டன. சுண்டெலியின் புழுக்கை அரிசியளவைத் தாண்டாது. பெருச்சாளி பெரும்பாலும் மண்ணைத் தோண்டி வளை அமைப்பது. ஆகவே இது அவை இரண்டும் அல்ல.

ஏசி குழாய் நுழையும் துளையின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற கரிய தடம் படிந்திருந்ததால், எலி வரும் வழி அதுவே என்று தெரிந்து, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசி அடைத்தேன். மாடியை உரசிய மாமரக் கிளையையும் வெட்டிவிட்டேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி விஷப் பசையைப் பரிந்துரைத்த நண்பர்களே, அது கல்லீரலைச் சிதைக்கும், அதற்கு விஷமுறிவு மருந்தும் இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வைக்கவே கூடாது.